கோட்டைவாசலில் காலாவதியாகிற தகுதி

"எந்த மாநிலத்தில் வேலை வேண்டுமோ, அந்த மாநிலத்து டெட்டை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு வரட்டும். இதில் என்ன அநியாயம்?" தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி வட்டாரத்தில் ஆசிரியர் வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பலர் பணியில் இருக்கும் ஆசிரியர்கள். சிலர் தேர்ச்சி பெற்றும் வருடக்கணக்காக வேலைக்குக் காத்திருப்பவர்கள். மாநிலத்துக்கு மாநிலம் மொழி வேறு, பாடநூல் வேறு. பக்கத்து மாநிலத் தேர்வு எளிது. நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லாதபோது கதவைத் திறந்துவிடலாமா. இன்னொரு தேர்வு எழுதுவதில் யாருக்கு என்ன நட்டம் என்று அவர்கள் அடுக்குகிறார்கள். கேட்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் படுகிறது. நிதானமாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கேரளத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், தேறிய ஒருவருக்குத் தமிழ்நாடு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தகுதி என்பது ஒன்று, நியமனம் என்பது இன்னொன்று. யாரை நியமிப்பது, எந்தத் தேர்வு வைத்து நியமிப்பது, எந்த ஒதுக்கீட்டில் நியமிப்பது என்பதெல்லாம் மாநில அரசின் உரிமை. அதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே அளவுகோலில் நடக்கிற தகுதித் தேர்வில் தேறியவரைப் பார்த்து, எல்லை தாண்டியதும் "நீ ஆசிரியராகவே தகுதியில்லாதவள்" என்று சொல்வது வேறு விஷயம். நான் மறுப்பது அதைத்தான்.

இலஞ்சியில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இங்கிருந்து செங்கோட்டை வழியாக மேற்கே போனால் புளியரை, எஸ் வளைவு, மாநில எல்லையான கோட்டைவாசல். அதைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி இந்த வழியாகத்தான் கேரளத்துக்கு ஏறுகிறது. சாரல் தொடங்கினால் அந்தப் பக்கத்து வண்டிகள் குற்றாலத்துச் சாலையெல்லாம் நிறைந்து நிற்கும். மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே கொல்லம் ரயிலில் ஏறி இறங்கிப் பழகிய சனங்கள் நாங்கள்; அகலப்பாதையாக்கப்பட்டு 2018-இல் தண்டவாளம் திரும்பத் திறந்தபோது அறுந்துபோன சொந்தம் ஒன்று ஒட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. இலஞ்சிக் குமாரர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு புனலூருக்குப் போன பெண்கள் உண்டு. புனலூரில் வளர்ந்து இலஞ்சிக்கு மருமகளாக வந்த பெண்கள் உண்டு. அவர்களில் பி.எட்.டோ டீச்சர் டிரெயினிங்கோ முடித்தவர்கள் கணிசம். ஆசிரியர் வேலை பெண்களுக்கு ஏற்ற வேலை என்று இரண்டு பக்கமும் நம்புகிறோம் அல்லவா? கல்யாணத்தில் ஊர் மாறுவது பெண். ஆகவே எல்லையில் செல்லாமல் போகிற சான்றிதழ்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை. எல்லாருக்கும் பொதுவான விதி என்று சொல்லப்படுவது, நடைமுறையில் மருமகள்களின் தலையில்தான் விடிகிறது.

இனி சட்டம். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை மத்திய அரசு அதிகாரம் கொடுத்த ஓர் அமைப்பு வகுக்க வேண்டும் என்கிறது. அந்த அமைப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அது 2010 ஆகஸ்ட் 23 அன்று தகுதிகளை அறிவித்தது. டெட் அதில் ஒன்று. 2011 பிப்ரவரி 11 அன்று தேர்வை எப்படி நடத்த வேண்டும் என்ற வழிகாட்டுதலையும் கொடுத்தது. 150 கேள்வி, 150 மதிப்பெண், தேறுவதற்கு 60 விழுக்காடு, அதாவது 90. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எந்தப் பகுதியில் எத்தனை கேள்வி என்பதுகூட அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. மாநிலங்கள் கேள்வித்தாளைத் தயாரிக்கின்றன, சட்டகம் அவர்களுடையதில்லை. சென்னையில் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி நடத்தினாலும் திருவனந்தபுரத்தில் பரீட்சா பவன் நடத்தினாலும் அளக்கிற கோல் ஒன்றே. தேர்வு எழுத வருகிறவர் படித்த பி.எட். கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுப்பதும், மலைக்கு இரண்டு பக்கமும், அதே குழுமம்தான்.

அந்த வழிகாட்டுதலில் பலர் கண்ணில் படாமல் போகிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் வேறு மாநிலம் வழங்கிய டெட் சான்றிதழ் வைத்திருப்பவரின் தகுதியையும் கருதிப் பார்க்கலாம் என்று அது இடம் கொடுக்கிறது. "கருதிப் பார்க்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்தவில்லை. "கருதலாம்" என்று விட்டிருக்கிறது. இந்த ஒரு "லாம்" போதும். எல்லையில் சான்றிதழைச் செல்லாததாக்குவது சட்டத்தின் கட்டளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மாநிலம் எடுத்த முடிவு. எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள நாடாளுமன்றம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

இதற்கு மேல் 2021 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. டெட் சான்றிதழ் 7 ஆண்டுக்குத்தான் செல்லும் என்றிருந்ததை மாற்றி, 2011 முதல் முன்தேதியிட்டு, வாழ்நாள் முழுதும் செல்லும் என்று மத்திய அரசு அறிவித்தது. இப்போது நிலைமை என்ன? காலத்துக்குச் சாகும்வரை செல்லுபடியாகிற தாள், இடத்துக்குக் கோட்டைவாசல்வரைதான் செல்லுபடியாகிறது. இருபது வருடத்தில் பாடத்திட்டம் தலைகீழாக மாறினாலும் கலையாத தகுதி, ஒரு மலைச்சாலையில் ஏறி இறங்கினால் கலைந்துவிடும் என்பதற்கு எந்தக் கல்வியியல் காரணமும் கிடையாது.

"இன்னொரு தேர்வு எழுதுவதில் என்ன நட்டம்?" என்பவர்கள் நாட்காட்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது டெட் நடத்த வேண்டும் என்பது வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் தேர்வு; அதே ஆண்டு அக்டோபரில் துணைத் தேர்வு; 2013 ஆகஸ்டில் அடுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2014-இல் நடந்த சிறப்புத் தேர்வை விட்டுவிட்டால், பிறகு 2017 ஏப்ரல்வரை ஒன்றும் இல்லை. அப்புறம் 2019 ஜூன். அப்புறம் முதல் தாள் 2022 அக்டோபரில், இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில். அப்புறம் 2025 நவம்பர். புனலூரில் கேரள டெட்டான கே-டெட் தேறி, 2013 ஐப்பசியில் கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு தேர்வு" எழுத அவள் மூன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு குழந்தை, இரண்டு குழந்தை. தேர்வு வந்தபோது கைக்குழந்தையோடு படிக்க முடியாமல் ஒரு முறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் இரண்டு வருடம். அதையும் தவறவிட்டால் மூன்றரை. ஒரு தேர்வு என்று நாம் லேசாகச் சொல்வது அவள் வாழ்க்கையில் ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் அவள் சும்மா இருப்பதும் இல்லை. ஏதாவது ஒரு தனியார் நர்சரி பள்ளியில், கையெழுத்துப் போடும் தொகை ஒன்றும் கையில் வாங்கும் தொகை ஒன்றுமாக, பாடம் நடத்திக்கொண்டுதான் இருப்பாள். அரசுப் பள்ளிக்குத் தகுதியில்லாதவள் என்று நாம் முத்திரை குத்தியவளிடம் நம் தெருப் பிள்ளைகள் அகரம் படித்துக்கொண்டிருப்பார்கள்.

மொழி வாதத்துக்கு வருவோம். இதுதான் உணர்ச்சியோடு சொல்லப்படுவது. எனக்கும் பிடித்தமான வாதம். தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வரக் கூடாது என்பதில் யாரையும்விட நான் உறுதி. ஆனால் இந்த எல்லைச் சுவர் தமிழைக் காக்கிறதா என்று பார்ப்போம்.

இலஞ்சித் திண்ணை ஒன்றில் ஒருநாள் இரண்டு கேள்வித்தாள் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரித்துப் பார்த்தோம். ஒன்று அந்த வீட்டு மருமகள் கேரளத்தில் எழுதிய கே-டெட் முதல் பிரிவு. மற்றது அவளுடைய நாத்தனார் இங்கே எழுதிய டெட் முதல் தாள். ஒன்றில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30 கேள்வி, கணிதம் 30, சூழ்நிலையியல் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழி 30. மற்றதிலும் அதே ஐந்து முப்பது. வரிசை மட்டும் மாறியிருக்கிறது. குழந்தை உளவியலில் இதிலும் பியாஜே, அதிலும் பியாஜே. வைகாட்ஸ்கியும் கோல்பர்க்கும் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் முதல் மொழியாக எடுத்தது தமிழ். ஆமாம், கே-டெட்டில் தமிழை முதல் மொழியாக எடுத்து எழுதலாம். மலையாளம், தமிழ், கன்னடம் மூன்றும் அங்கே உண்டு, தமிழ் மொழிச் சிறுபான்மையினர் அங்கே இருப்பதால். நாத்தனார் எழுதியதும் தமிழ்தான். ஆனால் தமிழ்நாட்டு டெட்டில் தமிழுக்குப் பதில் தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ உருதுவோ முதல் மொழியாக எடுக்கலாம், நம் மாநிலத்துச் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்காக. இரண்டு ஏற்பாடும் நல்ல ஏற்பாடே.

இப்போது விளைவைப் பாருங்கள். மலையாளத்தை முதல் மொழியாக எடுத்துத் தமிழ்நாட்டு டெட்டில் தேறியவர் இங்கே தகுதி பெற்றவர். தமிழை முதல் மொழியாக எடுத்துக் கேரள டெட்டில் தேறியவர் இங்கே தகுதி இல்லாதவர். மொழியைக் காப்பதற்காகத்தான் இந்த விதி என்றால், இதைவிடத் தலைகீழான காவல் இருக்க முடியுமா? இந்த விதி பார்ப்பது ஆசிரியரின் மொழியை இல்லை, தேர்வு எழுதிய கட்டடம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதை.

தமிழைக் காக்கிற ஏற்பாடு நம்மிடம் வேறு இருக்கிறது, அது சரியான இடத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு போட்ட ஆணைப்படி, மாநில அரசுப் பணித் தேர்வுகள் எல்லாவற்றிலும் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. டிஆர்பி தேர்வுகளுக்கும் அது பொருந்தும். 2024-இல் இடைநிலை ஆசிரியர் நியமனத் தேர்வு எழுதியவர்கள் எல்லாரும் 50 மதிப்பெண்ணுக்கான அந்தத் தமிழ்ப் பகுதியைத் தாண்டித்தான் வந்தார்கள். தமிழ் தெரியாதவர் வந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு அந்தத் தாளே வாசலில் நிற்கிறது. அதைத் தாண்டக்கூடிய தமிழ்ப் பெண்ணை அந்த வாசலுக்கே வரவிடாமல் தடுப்பது எதற்கு?

பாடநூல் வேறு என்பது அதைவிட மெலிந்த வாதம். தமிழ்நாட்டுக்குள்ளேயே சமச்சீர்க் கல்வி வந்தபோது பாடநூல் மாறியது. 2018 முதல் மறுபடி முழுக்க மாறியது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம், அவர்கள் புதிய புத்தகத்தைக் கற்று நடத்தினார்கள். யாருடைய டெட்டும் ரத்தாகவில்லை.

"கேரளத்துத் தேர்வு எளிது, ஆந்திரத் தேர்வு எளிது, அங்கே சுலபமாகத் தேறி இங்கே வந்துவிடுவார்கள்" என்ற பேச்சுக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது நம் 2012 தேர்வு. அதில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை என்பதைப் பலர் பெருமையாகவே சொல்வார்கள். ஆனால் அந்தத் தேர்வில் 150 கேள்விக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அக்டோபர் துணைத் தேர்வில் அது மூன்று மணியாக்கப்பட்டது. 2014 தொடக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 82 எடுத்தவர்கள் தேறியவர்களானார்கள். அது சமூக நீதியின்படி சரியான முடிவு; கேரளத்திலும் அத்தகைய தளர்வு உண்டு. நான் சொல்ல வருவது, கடினம், எளிது என்பது மாநிலத்தின் மண்ணோடு பிறந்த குணம் இல்லை. கேள்வித்தாளுக்குக் கேள்வித்தாள், ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. 2012-இல் தேறியவரும் 2019-இல் தேறியவரும் தமிழ்நாட்டுக்குள் ஒரே தகுதி உடையவர் என்று ஏற்கிறோம். அந்த இரண்டு தேர்வுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள முடிகிறவர்கள், திருவனந்தபுரத் தேர்வை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்? மாநிலத் தேர்வுகள் மீது அப்படியும் நம்பிக்கை வரவில்லை என்றால் மத்திய அரசின் டெட்டான சி-டெட் இருக்கிறதே. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஆசிரியர் அறிவிப்புகளில் சி-டெட் தேறியவர் தனியாகக் கே-டெட் எழுதத் தேவையில்லை என்ற விலக்கு உண்டு. நம் டிஆர்பி அறிவிப்பில் தமிழ்நாட்டு டெட் ஒன்றே கேட்கப்படுகிறது.

வேலை வாதத்தை நான் மதிக்கிறேன். 2013-இல் தேறிவிட்டு, வெயிட்டேஜ் முறையில் பின்தள்ளப்பட்டு, சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தலை நரைத்தவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "கதவைத் திற" என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. 2014-க்குப் பிறகு இடைநிலை ஆசிரியர்களுக்கு நியமனத் தேர்வு நடந்தது 2024 ஜூலை 21 அன்றுதான். முதலில் அறிவித்த இடம் 1,768, பிறகு சேர்த்து 2,768. இடையில் 2022-இல் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. தேறியவர்கள் வீட்டில் இருக்க, இடங்களும் இருக்க, நிரந்தர நியமனம் நடக்கவில்லை. புனலூர்ப் பெண்ணோ பாலக்காட்டுப் பெண்ணோ அதற்குக் காரணம் இல்லை. அவர்களுக்குக் கதவு பூட்டியிருந்த பத்தாண்டில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை அதனால் கூடுதலாகக் கிடைத்தது? ஒன்றுமில்லை.

சரி, கதவு திறந்தால் என்ன ஆகும்? வெள்ளமாக வந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இடமே இல்லாதபடி நம் அமைப்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணைப்படி டெட் வெறும் தகுதி மட்டுமே. வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு. இந்த ஆணையை எதிர்த்துப் போராடியவர்களின் குறை எனக்குப் புரியும். ஆனால் அந்த ஆணை அமலில் இருக்கும்போது, டெட்டே வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடும் என்ற பயத்துக்குப் பொருள் இல்லை. வேறு மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வெளியிலிருந்து வருகிறவர் பொதுப் பிரிவில்தான் போட்டியிட முடியும். 69 விழுக்காட்டு ஒதுக்கீடு போக அது 31 விழுக்காடு. அந்த 31-லும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் போட்டியிடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை வேறு. தமிழ்த் தாள் வேறு. இத்தனை வேலி போட்ட வயலைச் சுற்றிக் கடைசியாக ஒரு சுவரும் எழுப்பி, அதில் நம் வீட்டு மருமகளை வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

இந்த மண்ணின் பழைய கதை ஒன்று இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செங்கோட்டை தாலுகா 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. நவம்பர் 1 விடிந்தபோது, நேசமணியும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் நடத்திய நீண்ட போராட்டத்தின் பலனாக, தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களோடு அதுவும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அன்று செங்கோட்டைப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் யார்? திருவிதாங்கூர் முறையில் பயிற்சி பெற்று, திருவிதாங்கூர்–கொச்சி அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள். "சென்னை மாகாணத்துப் பயிற்சி இல்லை, நீங்கள் தகுதியற்றவர்கள்" என்று அவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மாநிலச் சீரமைப்புச் சட்டம் அதற்கு நேர் எதிராக இருந்தது: மாற்றப்பட்ட பகுதியில் பதவியில் இருப்பவர் அதே பதவியில் தொடர்வார் என்றது, பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. கோடு ஆசிரியர் தலைக்கு மேல் நகர்ந்தபோது தகுதி கெடவில்லை. ஆசிரியர் கோட்டைத் தாண்டி நடந்தால் மட்டும் கெட்டுவிடுமா? அன்று வந்துசேர்ந்த அந்த ஆசிரியர்களால் செங்கோட்டை வட்டாரக் கல்வி தாழ்ந்துபோனது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மற்றத் தொழில்களில் நாம் இவ்வளவு இறுக்கமாக இல்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 30-ஆம் பிரிவு, பதிவு செய்த வழக்கறிஞர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம் என்கிறது. ஒரு மாநிலப் பார் கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள 18-ஆம் பிரிவு வழி செய்கிறது, அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஒரு மனிதரின் சொத்தையும் சுதந்திரத்தையும் ஒப்படைக்கிற தொழிலுக்குச் செல்லுபடியாகிற நம்பிக்கை, மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கிற தொழிலுக்குச் செல்லாதா? மாநிலங்கள் தங்கள் அதிகாரத்தை எவ்வளவு பொத்திப் பாதுகாக்கும் என்பதற்கு அமெரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஆசிரியர் உரிமம் கொடுப்பது முழுக்க மாநிலங்களின் கையில். அந்த நாட்டிலேயே 2023-இல் பத்து மாநிலங்கள் சட்டமியற்றி ஆசிரியர் இடப்பெயர்வு உடன்பாடு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன; ஓர் உறுப்பு மாநிலத்தின் முழு உரிமம் வைத்திருப்பவருக்கு அதற்கு இணையான உரிமத்தை மற்ற உறுப்பு மாநிலம் கொடுக்கும். பொதுச் சட்டகமே இல்லாத இடத்தில் அவர்கள் உடன்பாடு செய்துகொள்கிறார்கள். நமக்குப் பொதுச் சட்டகம் 2011-லிருந்தே கையில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்த விவாதத்தை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன மேல்முறையீடுகளில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. முப்பது வருடம் பாடம் நடத்தியவர்களை இப்படி வதைக்கலாமா என்ற கேள்வியில் நான் ஆசிரியர்கள் பக்கம். ஆனால் அந்தத் தீர்ப்பின் அடிப்படையைப் பாருங்கள்: டெட் என்பது நாடு முழுமைக்குமான குறைந்தபட்சத் தகுதி. இரண்டு மாநிலத்து வழக்கில் சொன்ன வார்த்தை மற்ற மாநில ஆசிரியர்களுக்கும் பொருந்துகிறது. சுமையாக வரும்போது இந்தியா முழுக்க ஒன்று, பலனாக வரும்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்றால் அதை எந்த ஆசிரியர் சங்கமும் ஏற்கக் கூடாது. இந்த விஷயத்தில் சங்கங்கள் மௌனமாக இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். புனலூரை அடுத்த குளத்துப்புழை, ஆயிரநல்லூர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின்விளைவாக வந்தவர்களுக்காக 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களின் வாரிசுகள். இடுக்கியில் தேயிலைத் தோட்டத் தமிழர், பாலக்காட்டில் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் என்று தமிழ் வழிப் பள்ளிகளைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வேறு. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். தென்காசி மாவட்டத்தில் தமிழ்நாட்டு டெட் தேறி வேலையில்லாமல் இருக்கிறவர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்? அவர்களையும் அதே கோட்டைவாசல் மறிக்கிறது. அங்கே போனால் கே-டெட் அல்லது சி-டெட் வேண்டும். ஆக, "நம் பிள்ளைகளின் வேலை" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பத்தியை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். அந்தமான், மும்பை, பெங்களூர் என்று தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படும் இடமெல்லாம் நம் ஆசிரியர்களுக்கான இடம். ஊரைவிட்டு ஊர் போய்ப் பிழைப்பதில் தமிழர்களுக்குப் பழக்கம் அதிகம்; சான்றிதழ் எல்லை தாண்டினால் அதிகப் பலன் அடையப்போவதும் நாம்தான்.

தமிழ்நாடு அரசு போட வேண்டிய ஆணை நீளமானதாக இருக்கத் தேவையில்லை. தமிழை முதல் மொழியாக எடுத்து வேறு எந்த மாநிலத்து டெட்டில் தேறியவரையும், தமிழை ஒரு மொழியாக எடுத்துச் சி-டெட்டில் தேறியவரையும், இங்கே டெட் தேறியவராகக் கருத வேண்டும். நியமனத் தேர்வு, தமிழ்த் தாள், ஒதுக்கீடு எதிலும் மாற்றமில்லை. சான்றிதழின் உண்மைத்தன்மையைத் தேர்வு நடத்திய அமைப்பிடம் அரசே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் திருவனந்தபுரத்துக்கும் தென்காசிக்கும் பஸ்ஸில் அலைந்து அதை வாங்கி வரக் கூடாது. பி.எட். பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று கேட்பதும் அப்படியே: கல்லூரியைத் தேசியக் குழுமம் அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். உதவிபெறும் பள்ளிகளுக்கும் இதே ஆணை பொருந்தும்படி சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பழைய பள்ளிகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

"கேரளம் முதலில் செய்யட்டும், பிறகு நாம் செய்வோம்" என்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். கேரளம் சி-டெட்டுக்கு விலக்குக் கொடுத்து ஓர் அடி ஏற்கெனவே முன்னால் வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. தமிழை முதல் மொழியாக எடுத்துத் தேறிய ஓர் ஆசிரியை இலஞ்சியில் வந்து குடியிருக்கிறாள். அவளுடைய போட்டித் தேர்வு விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வதற்குத் திருவனந்தபுரத்தின் சம்மதம் நமக்கு எதற்கு? அடுத்த நியமன அறிவிப்பு வருவதற்குள் சென்னையில் ஒரு கையெழுத்து விழுந்தால் போதும்.